காலடியும் சங்கிலியும்

மறைமலை நகரில் ஒருவர் தன் விலாசத்தை 'என்.எச். 1' என்று எழுதினால் அவர் தேசிய நெடுஞ்சாலையின் மேல் குடியிருக்கிறார் என்று அர்த்தமில்லை. அங்கே என்.எச். என்பது 'நெய்பர்ஹூட்' என்ற ஆங்கிலச் சொல்லின் சுருக்கம். அண்டை அயல் என்கிறோமே, அது. ஊரை ஒட்டி ஓடும் ஜி.எஸ்.டி. ரோடும் ஒரு என்.எச். தான். வெகுகாலம் 45 என்ற எண்ணைச் சுமந்திருந்துவிட்டு 2010இல் 32 ஆயிற்று. நெடுஞ்சாலையின் எண் மாறியது. அண்டை அயலின் எண்கள் மாறவில்லை. வேதாசலம் என்ற தம் பெயரை மறைமலை என்று ஆக்கிக்கொண்டவர், 1916இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கியவர், அவர் பெயரில் எழுந்த ஊரில் தெருக்கூட்டத்துக்குத் தமிழில் ஒரு பெயர் அகப்படவில்லை என்பது வேடிக்கைதான். அந்த வேடிக்கையை மொழிக்காரர்களிடம் விட்டுவிடுகிறேன். எனக்கு அக்கறை வேறிடத்தில். நடக்கிறவனுக்கென்று ஏற்பட்ட ஓர் அளவும் வண்டிக்கென்று ஏற்பட்ட ஓர் அளவும் ஒரே இரண்டு எழுத்துக்குள் வந்து விழுந்திருக்கின்றன. இது எப்படி நேர்ந்தது, இந்த இரண்டில் எது எதை விழுங்கியது என்று பார்க்க வேண்டும்.

அண்டை அயல் என்பதை நகரமைப்பில் ஓர் அலகாக வகுத்தவர் கிளாரன்ஸ் பெர்ரி என்ற அமெரிக்கர். 1929இல், நியூயார்க் வட்டாரத்துக்கான ஆய்வுத் தொகுதி ஒன்றில் அவருடைய கட்டுரை வந்தது. ஓர் ஆரம்பப் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளை அனுப்பப் போதுமான ஜனத்தொகை, நடுவில் பள்ளி, எந்த வீட்டிலிருந்தும் கால் மைல் சுற்றுக்குள் அது இருக்க வேண்டும், பெரிய ரோடுகள் எல்லையோடு போகலாமே தவிர உள்ளே நுழையக்கூடாது. ஒரு குழந்தை பெரிய ரோடு எதையும் தாண்டாமல் பள்ளிக்கூடம் போய்த் திரும்ப வேண்டும் என்பதுதான் அதன் சாரம். மோட்டார் கார் பெருகி, குழந்தைகள் தெருவில் அடிபட்டுச் சாகத் தொடங்கியிருந்த ஒரு நாட்டில் பிறந்த யோசனை இது. பிறகு உலகமெங்கும் போயிற்று. சண்டிகரின் செக்டார்களில் இதன் சாயல் இருக்கிறது. 1970களில் சென்னையின் நெரிசலைப் புறத்தே தள்ளத் துணை நகரங்கள் வேண்டும் என்று திட்டமிட்ட பெருநகர் வளர்ச்சிக் குழுமம், சென்னைக்குத் தெற்கே சுமார் 45 கிலோமீட்டரில் 1980 வாக்கில் எழுப்பத் தொடங்கிய மறைமலை நகரிலும் இதே அலகைத்தான் கையாண்டது. ஆக, அந்த ஊரின் அடிப்படை அளவுகோல் ஒரு குழந்தையின் நடை. இதை அங்கே குடியிருக்கிறவர்களில் எத்தனை பேருக்கு யாராவது சொல்லியிருப்பார்கள்?

ஆனால் பெர்ரியின் யோசனையில் ஒரு ஓட்டை உண்டு. எல்லைக்கு உள்ளே நடப்பவனை அவர் காப்பாற்றினார்; எல்லையைத் தாண்ட வேண்டியவனை விட்டுவிட்டார். மறைமலை நகரில் அந்த எல்லை சாமானியமானதல்ல. ஜி.எஸ்.டி. ரோடும் இருப்புப்பாதையும் வடக்கும் தெற்குமாக அருகருகே ஓடுகின்றன. வேலைக்கோ ரயிலுக்கோ ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போகிறவன் இரண்டையும் கடந்தாக வேண்டும். 1995இல் மஹிந்திராவோடு கூட்டுச்சேர்ந்து வந்த ஃபோர்டு இங்கே தொழிற்சாலை கட்டியது. ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாயும், பிறகு ஒரகடத்தில் ரெனோ-நிஸானும் வந்தன. காரே வாங்க முடியாத ஆயிரக்கணக்கானவர்கள் கார் செய்யப் போகிற வட்டாரமாக இது ஆயிற்று. அவர்களைக் கம்பெனி பஸ் ஏற்றிக்கொண்டு போகிறது. நள்ளிரவு ஷிஃப்ட் முடிந்ததும் நெடுஞ்சாலையோரத்தில் இறக்கிவிடுகிறது. அங்கிருந்து வீட்டுக்கு நடைதான். அந்தக் கடைசி நடை எந்தத் திட்டப் படத்திலும் இல்லை.

எந்தப் படத்திலும் இல்லை என்று சொல்லிவிட்டேன். இந்தப் பிரதேசம் படத்துக்குப் பஞ்சமானது அன்று. சொல்லப்போனால் இந்தியாவிலேயே அதிகமாக அளக்கப்பட்ட மண்ணில் இது ஒன்று. 1763இல் ஆற்காட்டு நவாப் செங்கற்பட்டு ஜாகீரைக் கம்பெனியாருக்குக் கொடுத்ததும், தாமஸ் பர்னார்டு என்ற எஞ்சினீயர் 1767இலிருந்து 1774 வரை ஜாகீரை ஊர் ஊராக அளந்தார். வீடு எத்தனை, யார் யார் வீடு, ஏரி எத்தனை, நஞ்சை புஞ்சை எவ்வளவு, விளைச்சலில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று இரண்டாயிரத்தை ஒட்டிய ஊர்களின் விவரம். இரு நூற்றாண்டுக்குப் பின் தரம்பால் அந்தக் கணக்குகளைத் தேடி எடுத்துத்தான் பழைய சமூகத்தைப் பற்றிய தம் வாதங்களைக் கட்டினார். அளவை கற்றுக்கொடுக்க 1794இல் சென்னையில் ஒரு பள்ளிக்கூடமே வந்தது. இன்றைய கிண்டி எஞ்சினீயரிங் கல்லூரி அதன் வழித்தோன்றல். 1802 ஏப்ரல் 10ஆம் தேதி வில்லியம் லாம்டன் பரங்கிமலை அடிவாரத்தில் தன் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். ஏழரை மைல். நூறு அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலி. அதைச் சுமார் நானூறு தடவை கிடத்தித் தூக்கிக் கிடத்தி, ஐம்பத்தேழு நாளில் முடித்தார். இமயம்வரை போன மாபெரும் முக்கோண அளவை அங்கிருந்துதான் புறப்பட்டது.

சங்கிலியைத் தூக்கிக்கொண்டு நடந்தவர்கள் நம் ஊர்க் கூலிகள். கால்களால்தான் தேசம் முழுதும் அளக்கப்பட்டது. ஆனால் படத்தில் விழுந்தது சங்கிலியின் நீளம், காலடி விழவில்லை. ஒரே ஒரு விசித்திரமான விதிவிலக்கு எனக்கு நினைவு வருகிறது. வெள்ளைக்காரன் நுழைய முடியாத திபெத்தை அளக்க, நயின் சிங் ராவத்தை யாத்ரீகர் வேஷத்தில் அனுப்பினார்கள். ஏற்றமோ இறக்கமோ ஒரே அளவில் அடி வைக்கப் பழக்கினார்கள். மைலுக்கு இரண்டாயிரம் அடி. ஜபமாலையில் நூற்றெட்டு மணிக்குப் பதில் நூறு. நூறு அடிக்கு ஒரு மணி. 1866இல் அவர் லாசாவை அடைந்தபோது மனிதனுடைய நடையே அளவைக் கருவியாகியிருந்தது. அதுவும் நடையை நடையாக மதித்ததனால் அல்ல, சங்கிலி கொண்டுபோக முடியவில்லை என்பதனால்.

இங்கே ஊர்ப்படத்துக்கு வருகிறேன். கிராமக் கணக்கில் வண்டிப்பாதைக்கு இடம் உண்டு. 'வண்டிப்பாதை புறம்போக்கு' என்று தனி சர்வே எண் போட்டு, எஃப்.எம்.பி.யில் அகலத்தோடு கோடு கிழித்திருப்பார்கள். ஒற்றையடிப்பாதைக்கு அந்த பாக்கியம் பெரும்பாலும் இல்லை. அது யாருடைய பட்டாவிலோ வரப்பின் மேல் ஓடுகிறது. நடந்து நடந்து தேய்ந்த தடம் என்பதைத் தவிர அதற்கு வேறு அத்தாட்சி கிடையாது. இந்திய சர்வே இலாகாவின் தேசப்படத் தாள்களில் மட்டும் அது புள்ளிக்கோடாக வரும். மறைமலை நகர் விழுகிற தாள் 66 டி/1. ஆனால் கரையோரமாகச் சுமார் எண்பது கிலோமீட்டர் பட்டைக்குள் வருகிற தாள்களெல்லாம் நெடுங்காலம் சாதாரண ஜனங்கள் வாங்க முடியாத ரகசியப் பட்டியலில் இருந்தன. எதிரி கடல் வழியாக வந்து நம் வரப்புகளில் நடந்துவிடுவான் என்ற பயம் போலும். ஆகவே, வருவாய் இலாகாவின் படத்தில் பாதை இல்லை; பாதை இருந்த படம் பூட்டுக்குள் இருந்தது. தொழிற்பேட்டைகளுக்கென்று நிலம் எடுக்கையில் சர்வே எண்ணுள்ளதற்கு நஷ்டஈடு உண்டு. தடத்துக்கு ஏது எண்? மதிற்சுவர் எழும்பியதும் தடம் சுற்றிக்கொண்டு போயிற்று. சுற்றின தூரத்துக்கு யாரும் கணக்கு எழுதவில்லை.

நடப்பவனை அளவாகக் கொண்ட வழிச்செய்தி நம்மிடம் இருந்ததே இல்லையா என்றால், இருந்தது. பழம்பெருமை பேச எனக்கு இஷ்டமில்லை. அதற்குப் பத்திரிகைகள் வேறு இருக்கின்றன. ஆனால் தருமபுரிப் பக்கத்தில் கிடைத்த அதியமான் பெருவழிக் கல் ஒன்றை இந்தப் பேச்சில் தவிர்க்க முடியாது. நாவற்றாவளம் இருபத்தொன்பது காதம் என்று அதில் எழுத்தில் வெட்டியிருக்கிறது. கூடவே இரண்டு பெரிய குழிகள், ஒன்பது சிறிய குழிகள். பெரியது பத்து, சிறியது ஒன்று. எழுத்தறியாதவன் தடவித் தெரிந்துகொள்ளலாம், இருட்டில்கூட. அந்தக் கல்லை நட்டவன் யாரை உத்தேசித்து நட்டான் என்பதில் சந்தேகமே இல்லை.

ஆற்றுப்படைகளைப் பண்டிதர்கள் அரசனைப் புகழும் பாட்டுகளாகவே படித்துத் தீர்த்துவிட்டார்கள். மலைபடுகடாத்தில் என்ன இருக்கிறது? எந்த இடத்தில் பன்றிக்கு வைத்த பொறி இருக்கும், எங்கே தினைக்காவலர் எறிகிற கவண்கல் வரும், எங்கே வழுக்கும், எங்கே தங்கலாம், யார் சோறு போடுவார்கள். போய் வந்தவன் போகப்போகிறவனுக்குச் சொல்வது. தூரத்தைவிட அபாயத்துக்கு அதிக இடம் கொடுத்த வழிச்செய்தி. இதைத்தான் தரவு என்று இப்போது சொல்கிறார்கள்.

மேற்கில் இதற்கு ஈடாக எனக்குத் தெரிந்த படம் ஒன்றுண்டு. 1854இல் லண்டன் சோஹோவில் காலரா பரவியபோது டாக்டர் ஜான் ஸ்நோ சாவுகளைத் தெருப்படத்தில் கோடுகளாகக் குறித்தார் என்பது எல்லோரும் சொல்லும் கதை. மறு வருஷம் அவர் வெளியிட்ட இரண்டாவது படத்தை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. பிராட் தெருக் குழாயைச் சுற்றி அதில் ஒரு கோணல்மாணல் கோடு போகிறது. அந்தக் கோட்டின் மேல் எந்த இடத்தில் நின்றாலும், பிராட் தெருக் குழாய்க்கும் அடுத்த குழாய்க்கும் நடக்க ஒரே தூரம். வானத்தில் பறக்கிற தூரமாக இல்லாமல், தெருவழியே குடத்தோடு போகிற தூரம். பெர்ரியின் கால் மைல் வட்டத்தையும் இந்தக் கோணல் கோட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விஷயம் புரிந்துவிடும். வட்டம் திட்டம் போடுகிறவனுடையது. கோணல் கோடு தண்ணீருக்குப் போகிறவளுடையது. இன்றும் நகரமைப்பு அறிக்கைகளில் ரயில் நிலையத்தைச் சுற்றி ஐந்நூறு மீட்டர் வட்டம் போட்டு, அதற்குள் இருப்பவர்களெல்லாம் 'நடக்கிற தூரத்தில்' இருப்பதாக எழுதிவிடுகிறார்கள். வட்டத்துக்குள் ஒரு நெடுஞ்சாலை கிடப்பதை வட்டம் அறியாது.

ஸ்நோ கையால் செய்ததை இப்போது யந்திரம் நொடியில் செய்கிறது. 2004இல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப், யார் வேண்டுமானாலும் வரையலாம், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்ற உலகப்படம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அருண் கணேஷும் அவரோடு சேர்ந்தவர்களும் அந்தப் படத்தின் மேல் சென்னை வாசிகளையே முழுகிய தெருக்களைக் குறிக்க வைத்தார்கள். சில நாட்களில் ஆயிரக்கணக்கான தெருக்கள். எந்தத் தெருவில் இடுப்பளவு தண்ணீர் என்பது ஜனங்களுக்குத் தெரிந்திருந்தது, சர்க்காருக்குத் தெரிந்திருக்கவில்லை. அதற்குச் சில வருஷங்கள் முன்பே, நித்யா ராமன் தொடங்கிய 'டிரான்ஸ்பரன்ட் சென்னை' என்ற முயற்சி பொதுக் கழிப்பறைகளையும் குடிசைப்பகுதிகளையும் நடப்போர் வசதிகளையும் படத்தில் ஏற்றப் பார்த்தது. மாநகராட்சி 2014இல் நடப்போருக்கும் சைக்கிள்காரர்களுக்குமான கொள்கை ஒன்றை ஏற்றுக்கொண்டதும், 2019இல் பாண்டி பஜாரில் அகலமான நடைபாதை வந்ததும் இந்தக் காலத்துச் சங்கதிகள். மறைமலை நகருக்கு இதெல்லாம் எட்டவில்லை. அதை எழுப்பிய குழுமத்தின் சொந்த எல்லைக்கோட்டுக்கே அது வெளியில் இருந்தது. பெருநகர்ப் பகுதியை 5,904 சதுர கிலோமீட்டராக விரித்தது 2022இல்தான்.

அந்த உலகப்படத்தில் ஒரு நுட்பம். அதில் எந்தப் பாதையை வரைந்தாலும் முதலில் 'ஹைவே' என்று குறிக்க வேண்டும். பிறகுதான் எந்த மாதிரி ஹைவே என்பது. ஒற்றையடிப்பாதையும் அங்கே ஹைவே, வகை: 'பாத்'. படிக்கட்டும் ஹைவே. இதைத் தொடங்கிய இங்கிலாந்துக்காரர்களின் சட்டத்தில் ஹைவே என்றால் பொதுஜனம் போக உரிமையுள்ள வழி, அகலம் எவ்வளவானாலும். மறைமலை நகரில் அண்டை அயல் என்.எச். ஆனது தற்செயல், இங்கே பிரக்ஞையோடு ஒற்றையடிப்பாதைக்கு ராஜபாட்டையின் பெயரைத் தந்திருக்கிறார்கள். இரண்டையும் சேர்த்து யோசிக்கையில்தான் எனக்கு அந்த ஊரின் பாதைகளை நடந்து வரைய வேண்டும் என்று தோன்றியது. சில ஞாயிற்றுக்கிழமைகள் நடந்தேன். கைபேசி சட்டைப்பையில் இருந்தபடியே தடத்தைப் பதிந்துகொள்ளும். வீட்டுக்கு வந்து கோட்டை வரைந்து, விளக்கு உண்டா, தரை எப்படி என்று எழுதிவிடலாம். நயின் சிங்கின் ஜபமாலையைவிட சுலபம்.

சங்கடம் நெடுஞ்சாலையில் வந்தது. நடுத்தடுப்பில் ஓரிடத்தில் ஓர் ஆள் நுழையும் இடைவெளி. தடுப்பின் பக்கவாட்டில் மண் தேய்ந்து வழவழப்பாகியிருந்தது. அத்தனை கால்கள். பக்கத்தில் டீக்கடை வைத்திருந்த பெரியவரிடம் கேட்டேன். "எல்லாரும் இதுலதான் சார் பூந்து போவாங்க. அந்தாண்ட போய் சுத்திக்கினு வரதுக்குள்ள ட்ரெயின் பூடும்" என்றார். "அடிபட்டதுண்டா?" என்றதற்கு டம்ளரைக் கழுவிக்கொண்டே தலையை மட்டும் ஆட்டினார்.

இந்த இடைவெளியைப் படத்தில் குறிப்பதா, வேண்டாமா?

குறித்தால், வழி கேட்கிற யந்திரம் அந்நியன் ஒருவனை நள்ளிரவில் அங்கே கொண்டுவந்து நிறுத்தும். யந்திரத்துக்குக் கோடும் முடிச்சும்தான் தெரியும். கோடு தொடர்ந்தால் போகலாம் என்று சொல்லிவிடும். கவண்கல் வரும் என்று சொல்லத் தெரிந்த பாணனின் புத்தி அதற்கு இல்லை. குறிக்காவிட்டால், அங்கே யாரும் கடப்பதில்லை என்று ஆகிவிடும். யாரும் கடக்காத இடத்தில் சிக்னல் எதற்கு, மேம்பாலம் எதற்கு? இதில் மூன்றாவது ஒன்றும் உண்டு. இந்தத் தகவல் நெடுஞ்சாலைக்காரர்கள் கையில் போனால் அவர்கள் முதலில் செய்யக்கூடியது இடைவெளியை அடைப்பது. அதற்குச் செலவு குறைவு. தேய்ந்த மண் அவர்களுக்கு ஒரு மீறலின் அடையாளம். எனக்கு அது ஒரு மனு. ஒரே தரவு, படிக்கிறவனைப் பொறுத்து.

நடைமேம்பாலம் கட்டிவிட்டால் தீர்ந்தது என்பவர்களுக்கு ஒரு கணக்கு. நெடுஞ்சாலைக்கு மேலே ஐந்தரை மீட்டர் இடம் விட வேண்டும். படிக்கு பதினைந்து சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் ஏறவே கிட்டத்தட்ட நாற்பது படி, இறங்க அத்தனை. எட்டு மணி நேரம் நின்று வேலை செய்த முழங்கால்கள் ஏற வேண்டிய படிகள் இவை. வண்டி வேகம் குறையக்கூடாது என்பதற்காக மனுஷன் மலையேறுகிறான். டொனால்டு ஆப்பிள்யார்டு ஸான்பிரான்ஸிஸ்கோவில் மூன்று தெருக்களை ஒப்பிட்டு எழுதினார். வண்டி குறைந்த தெருவில் ஒருவருக்கு அதே தெருவில் சராசரி மூன்று சிநேகிதர்கள். வண்டி மிகுந்த தெருவில் ஒருவர்கூடத் தேறவில்லை. தெருவைக் கடக்க முடியாதபோது எதிர்வீட்டுக்காரன் வேற்றூரான் ஆகிவிடுகிறான். அந்தப் புத்தகம் 1981இல் வந்தது. அடுத்த வருஷம் ஏதென்ஸில் வேகமாக வந்த ஒரு கார் மோதி ஆப்பிள்யார்டு இறந்துபோனார்.

இறந்தால் மட்டும் நடப்பவன் படத்தில் இடம்பெற்றுவிடுகிறான். விபத்து நடந்த இடத்திலிருந்தே போலீஸார் கைபேசியில் ஸ்தலத்தைக் குறித்துப் பதிவேற்றுகிற ஏற்பாட்டை ஐ.ஐ.டி. மெட்ராஸ் உருவாக்கிக் கொடுத்திருக்கிறது. தமிழ்நாடு அதை முதலில் ஏற்ற மாநிலங்களில் ஒன்று. நல்ல ஏற்பாடுதான், குறை சொல்ல மாட்டேன். எங்கே சாவு குவிகிறது என்று தெரிந்தால் அங்கே ஏதாவது செய்யலாம். 2022இல் நாடு முழுதும் சாலை விபத்துகளில் மாண்ட 1,68,491 பேரில் 32,825 பேர் நடந்துபோனவர்கள். அத்தனை புள்ளிகள். ஆனால் ஒவ்வொரு நாளும் உயிரோடு கடந்து வீடு போய்ச் சேர்ந்தவனைப் பற்றி எந்த ஏட்டிலும் ஒரு வரி கிடையாது: எவ்வளவு நேரம் காத்து நின்றான், தடுப்பில் எப்படி ஒதுங்கினான், விளக்கு எரிந்ததா. பர்னார்டு இரண்டாயிரம் ஊர்களில் வீடுவீடாக எண்ணினார். ஒரே ஒரு ஊரின் ஒரே ஒரு கடவையில் ஒரு ராத்திரி உட்கார்ந்து எண்ண இன்று ஆளில்லையா?

கோவை எலும்பு வைத்தியர் டாக்டர் ராஜசேகரன் 2012இல் தொடுத்த பொதுநல வழக்கில், 2025 மே மாதம் சுப்ரீம் கோர்ட் தடையில்லாத நடைபாதைக்கான உரிமை அரசியல் சட்டத்தின் 21ஆம் ஷரத்துக்குள் அடங்கும் என்று சொல்லிவிட்டது. உயிர் வாழும் உரிமையின் ஷரத்து அது. ஒன்று எட்டு மீட்டர் அகலம் தெளிவாக விட வேண்டும் என்று இந்திய ரோட் காங்கிரஸின் விதி 2012இலிருந்தே இருக்கிறது. உரிமை வந்தாயிற்று, அகலம் வந்தாயிற்று. எங்கே என்பதுதான் பாக்கி. உரிமையைக் கேட்கப் போகிறவனிடம் கோர்ட்டும் இலாகாவும் முதலில் கேட்கப்போவது ஒரு படத்தை. 2021 பிப்ரவரியில் படம் வரைவதற்கான பழைய கட்டுப்பாடுகளையும் மத்திய சர்க்கார் தளர்த்தியாயிற்று. 66 டி/1 இனி ரகசியமில்லை. தாளில் இருந்த புள்ளிக்கோடுகளில் எத்தனை இன்னும் தரையில் இருக்கின்றன என்று ஒத்துப்பார்க்கிற காரியம் அந்த ஊர்க்காரர்கள் கையில் இருக்கிறது.

நான் வரைந்தவற்றில் குடியிருப்புகளுக்குள்ளே போகிற குறுக்குப் பாதைகளை ஏற்றிவிட்டேன். நடுத்தடுப்பின் இடைவெளியைக் கோடாக இணைக்கவில்லை. இணைத்தால் யந்திரம் ஆளை அனுப்பும். அதற்குப் பதிலாக இரு பக்கமும் தடம் ரோட்டின் விளிம்புவரை வந்து நிற்பதாக வரைந்திருக்கிறேன். படத்தைப் பார்க்கிறவனுக்கு, எதிரெதிரே இரண்டு ஒற்றையடிப்பாதைகள் நெடுஞ்சாலையில் வந்து முட்டி நிற்பது தெரியும். இடையில் ஒன்றும் இல்லை. கவிதை எழுதுகிற நண்பர் ஒருவர் இதைக் கோழைத்தனம் என்கிறார்; இருப்பதை இருக்கிறபடி வரைய வேண்டும் என்பது அவர் கட்சி. அவர் அந்த ரோட்டை ராத்திரி பதினொரு மணிக்கு நடந்து கடந்ததில்லை. அடுத்த மாதம் கூட்டிக்கொண்டு போகிறேன்.